மேலப்பாளையம் முதல் சனிக்கிழமை முகாம் வரை: பெருந்தொற்றில் மக்கள் மனசைப் படிப்பது ஏன் முக்கியம்?

2020 மார்ச் 31. தமிழ்நாட்டில் அன்று ஒரே நாளில் 57 பேருக்கு கொரோனா உறுதியானது. அதில் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 22 பேர். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாத் மாநாட்டுக்குப் போய் வந்தவர்கள் இவர்கள், பெரும்பாலானோர் மேலப்பாளையத்துக்காரர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியது. மேலப்பாளையத்துக்குள் நுழையும் பாதைகள் அடைக்கப்பட்டன.

இதுவரைக்கும் நடந்தது வழக்கமான நோய்த்தடுப்பு வேலைதான். சிக்கல் அடுத்து வந்தது. சமூக வலைத்தளங்களில் நோய்க்கு மதச்சாயம் பூசப்பட்டது. 'கொரோனா ஜிகாத்' என்ற ஹேஷ்டேக் இந்திய அளவில் டிரெண்ட் ஆனது.

பழி போட்டா என்ன ஆகும்?

இது வெறும் மனிதாபிமானப் பிரச்னை இல்லை, தொற்றைக் கட்டுப்படுத்தும் வேலையையே கெடுக்கும் என்பதுதான் சமூக, நடத்தை அறிவியல் துறையினர் சொல்வது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 பிப்ரவரியிலேயே இதற்கென்று ஒரு வழிகாட்டி வெளியிட்டிருந்தன. ஒரு சமூகத்தின் மீதோ ஊரின் மீதோ பழி விழுந்தால் மக்கள் நோயை மறைப்பார்கள், மருத்துவமனைக்குத் தாமதமாக வருவார்கள் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ‘டெல்லிக்குப் போயிருந்தேன், எனக்கும் டெஸ்ட் எடுங்க' என்று ஒருவர் தானாக முன்வர வேண்டும். ஊரே குற்றவாளி மாதிரி பார்க்கும்போது அதற்கு யாருக்குத் தைரியம் வரும்?

தினசரி அறிவிப்பில் மாநாட்டைக் குறிப்பிட்டு எண்ணிக்கை சொல்லிவந்த தமிழ்நாடு சுகாதாரத்துறை, பிறகு 'ஒரே இடத்திலிருந்து பரவிய தொற்று' என்று பொதுவாகச் சொல்லத் தொடங்கியது. நோய்க்கு மதச்சாயம் பூச வேண்டாம் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கேட்டுக்கொண்டார். எந்தச் சமூகத்தையும் பகுதியையும் தொற்றுக்குக் காரணமாகக் காட்டக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் அறிவுரை ஏப்ரல் 8ஆம் தேதி வந்தது. எல்லாம் சரியான நடவடிக்கைகள்தான். ஆனால் அதற்குள் வாட்ஸ்அப் தன் வேலையை முடித்திருந்தது. மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகச் சொல்லி, அவர்கள் மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ரத்து செய்தது.

ஒரு வார்த்தையும் ஓர் அறிவிப்பும்

'சமூக இடைவெளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். சமூகத்தை விட்டு விலகச் சொல்லவில்லை, உடல் அளவில் தள்ளி நின்றால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே வார்த்தையை மாற்றிக்கொண்டது. தமிழிலும் 'தனிமனித இடைவெளி' என்ற சொல் வந்தது. சாதியின் பெயரால் தலைமுறை தலைமுறையாகத் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் வாழும் தாமிரபரணிக் கரையில், இந்த இரண்டு சொற்களும் காதில் ஒரே மாதிரி விழாது.

அறிவிப்பு வெளியாகும் நேரமும் அப்படித்தான். சென்னை, கோவை, மதுரையில் ஏப்ரல் 26 முதல் 4 நாள் முழு ஊரடங்கு என்று 2020 ஏப்ரல் 24 அன்று அறிவிக்கப்பட்டது. மறுநாளே காய்கறி, மளிகைக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டத்தைக் கூட்டியது. வீட்டில் அரிசி இருக்கா என்றுதான் எந்தக் குடும்பமும் முதலில் பார்க்கும். இதைக் கணிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

விவேக் மரணமும் ஞாயிற்றுக்கிழமைக் கறியும்

நடிகர் விவேக் நெல்லைச் சீமைக்காரர். சங்கரன்கோவில் அருகே உள்ள பெருங்கோட்டூர் பூர்வீகம். மக்களுக்கு நம்பிக்கை வரட்டும் என்று 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். தடுப்பூசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். ஆனால் மத்திய அரசின் ஆய்வுக் குழு அதையே உறுதி செய்த தகவல் அக்டோபரில்தான் வெளியானது. இடைப்பட்ட 6 மாதமும் வதந்திக்குத் திறந்துவிட்ட மைதானம். சந்தேகம் எழுந்த வேகத்துக்குப் பதில் வராவிட்டால், பிறகு வரும் பதில் சரியாகவே இருந்தாலும் பாதிப் பேரின் காதுக்கு அது போய்ச் சேராது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் தமிழ்நாட்டில் உண்டு. 2021 செப்டம்பர் 12 அன்று நடந்த முதல் மெகா முகாமில் 28 லட்சத்துக்கும் அதிகமானோர் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். தொடர்ந்து ஞாயிறுதோறும் முகாம் நடந்தது. 'ஊசி போட்டா கறி சாப்பிடக் கூடாதாமே, சரக்கு அடிக்கக் கூடாதாமே' என்ற பேச்சால் ஒரு கூட்டம் வராமலே இருந்தது. அவர்களுக்கு வகுப்பெடுப்பதை விட முகாமின் கிழமையை மாற்றுவது சுலபம். அக்டோபர் 23 முகாம் சனிக்கிழமைக்கு மாற்றப்பட்டது. காரணத்தை அமைச்சர் மா.சுப்பிரமணியன் வெளிப்படையாகவே சொன்னார். பலர் இதைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் நடத்தை அறிவியல் சொல்வது இதைத்தான்: ஆளை மாற்றுவதற்கு முன்னால், அவர் வழியில் கிடக்கும் தடையை எடுத்துப் போடு.

ஆதாரம் இருக்கா?

பெருந்தொற்றில் சமூக, நடத்தை அறிவியல் எப்படி உதவும் என்று 40க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் 2020 ஏப்ரலில் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் எழுதினார்கள். அந்தப் பரிந்துரைகள் எந்த அளவுக்குச் சரியாக இருந்தன என்று 747 ஆய்வுக் கட்டுரைகளை வைத்துப் பரிசோதித்த முடிவு 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. பெரும்பாலானவை தேறின.

நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்தது. நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர் அபிஜித் பானர்ஜி பேசிய இரண்டரை நிமிட வீடியோவின் லிங்க், 2020 மே மாதம் மேற்கு வங்கத்தில் சுமார் 2.5 கோடிப் பேருக்கு எஸ்எம்எஸ் மூலம் அனுப்பப்பட்டது. அறிகுறிகளைச் சுகாதாரப் பணியாளரிடம் சொன்னவர்களின் எண்ணிக்கை சுமார் இரண்டு மடங்கானது. தெரிந்த முகம், தாய்மொழி, சுருக்கமான தகவல். செலவும் குறைவு.

கேரளாவில் நிபா பேச்சு எழும்போதெல்லாம் தென்காசி மாவட்டம் புளியரை சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி காய்ச்சல் பார்க்கிறார்கள். உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்கும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவருக்குக் காய்ச்சல் இருந்தது, அவரே வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும்.