புனித பெர்னார்டின் நாயும் இராயபுரத்து வெயிலும்

ஆல்ப்ஸ் மலையின் பனிக்கெனப் பிறந்த செயின்ட் பெர்னார்டு இனக் குட்டியைப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, நம் கடற்கரை வெயிலில் வளர்ப்பது சிலருக்குப் பெருமையாகிவிட்டது. "எம் பணம், எம் விருப்பம்; இதில் திருச்சபைக்கு என்ன வேலை?" என்றும் அவர்கள் கேட்கின்றனர். அக்கேள்விக்கு நாம் விடை கூறியே ஆகவேண்டும்.

அந்நாயின் பெயரே ஒரு புனிதரின் பெயர். சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும் கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில், 11ஆம் நூற்றாண்டில் புனித பெர்னார்டு வழிப்போக்கர் விடுதி ஒன்றை நிறுவினார். அதைப் பேணிவந்த துறவியர் 17ஆம் நூற்றாண்டு முதல் இந்நாய்களை வளர்த்தனர். வழி தவறிப் பனியில் புதைந்தோரை அவை மோப்பம் பிடித்துக் கண்டன. 1800இல் பிறந்து 1814இல் மாண்ட 'பாரி' என்னும் நாய் நாற்பது பேருக்கு மேல் காப்பாற்றியதாகக் கூறுவர். இரக்கப் பணிக்கென வளர்க்கப்பட்ட உயிரை வரவேற்பறை அலங்காரமாக்குவது முறையாகுமா?

குட்டியின் விலை முதற்செலவு மட்டுமே. வளர்ந்தால் எழுபது கிலோவையும் தாண்டும். அதற்கேற்ற இறைச்சியும் தீவனமும் வேண்டும். இடுப்பு மூட்டுக் கோளாறும், இரைப்பை முறுக்கிக்கொள்ளும் நோயும் இவ்வினத்தை எளிதில் பற்றும். ஆயுளோ எட்டு முதல் பத்து ஆண்டுகள். நாய் தன் உடற்சூட்டை இரைத்தே தணிக்கிறது. ஈரம் மிகுந்த கடற்காற்றில் அது எளிதன்று. ஆகவே இரவும் பகலும் குளிர்சாதனம் இயங்கவேண்டும். மின்சாரம் நின்றால் அடர்ந்த உரோமத்துக்குள் அவ்வுயிர் தவிக்கும். வாங்கியவர் பணத்தால் செலுத்தும் விலையை நாய் உடலால் செலுத்துகிறது. 2024இல் வெளியான தமிழக அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கையும் நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களுள் இதனைச் சேர்த்தது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2418ஆம் பத்தியில், இரு தவறுகளையும் ஒருங்கே கண்டிக்கிறது: விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்தலும், மனிதத் துயரைத் தணிக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடலும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை. இங்கோ ஒரே கொள்முதலில் இரண்டும் நிறைவேறுகின்றன!

அத்துயர் தொலைவில் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவ மக்கள் வாளிகளால் அதை அள்ளினர். வலையும் படகும் கறுத்தன, பிழைப்பு நின்றது. 2015 பெருவெள்ளத்தில் படகுகளோடு நகருக்குள் வந்து மாந்தரை மீட்டோரும் மீனவரே. பாரி செய்த பணியை இங்குச் செய்பவர் அவர்கள்தாம்.

நாய் வளர்ப்பதை நாம் பழிக்கவில்லை. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் இம்மண்ணின் வெயிலை அறிந்தவை; தெருவில் திரியும் குட்டியோ விலையின்றியே அன்பு காட்டும். செல்வனின் வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நக்கியவை குலப்பெருமை பேசாத தெருநாய்களே. புனித பெர்னார்டைப் போற்ற விரும்புவோர் அவருடைய நாயை விலைக்கு வாங்கவேண்டா. அவர் திறந்துவைத்த கதவைத் தம் இல்லத்தில் திறக்கட்டும்.