ஹஜ்: மினாவின் கொள்ளளவும் நமது திட்டமிடலும்

2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்கு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 1,75,025. இதில் 1,22,518 ஹஜ் கமிட்டிக்கு, 52,507 தனியார் ஹஜ் நிறுவனங்களுக்கு. புறப்பட சில வாரங்களே இருந்த ஏப்ரல் மாதத்தில், தனியார் இடங்களில் பெரும்பகுதி கைநழுவிவிட்டதாகச் செய்தி வந்தது. பணம் கட்டிக் காத்திருந்த குடும்பங்கள் இடிந்து போயின. தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் சவூதி அரசு 10,000 பேருக்கு மட்டும் மீண்டும் வழிவிட்டது.

மினா கூடாரம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களைத் தனியார் நிறுவனங்கள் கெடுவுக்குள் முடிக்கவில்லை என்றது ஒன்றிய அரசு. தவறு யாருடையது என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். மீண்டும் கிடைத்த அந்த 10,000 என்பது, மினாவில் அப்போது மிச்சமிருந்த இடத்தைப் பொறுத்துத் தரப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

வாய் குறுகிய குடத்தில் எவ்வளவு வேகமாக ஊற்றினாலும், வாய் கொள்ளும் அளவுதான் உள்ளே போகும். தொழிற்சாலை ஆனாலும் மருத்துவமனை ஆனாலும் கொள்ளளவுத் திட்டமிடலின் முதல் பாடம் இதுதான். விமானங்களைக் கூட்டலாம், மக்காவில் ஓட்டல்களைக் கட்டலாம். ஆனால் மினா மலைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தாக்கு. அதன் எல்லை மார்க்கத்தில் வரையறுக்கப்பட்டது. ஹஜ்ஜின் கொள்ளளவைத் தீர்மானிக்கும் குறுகிய வாய் அதுதான்.

பாலம் சொல்லும் பாடம்

ஒரு காலத்தில் அந்தக் குறுகிய வாயாக இருந்தது ஜமராத். 2006 ஜனவரியில் அங்கு ஏற்பட்ட நெரிசலில் 340க்கும் மேற்பட்ட ஹாஜிகள் உயிரிழந்தனர். அதன்பின் பழைய பாலம் இடிக்கப்பட்டு, ஐந்து தளங்களுடன் சுமார் 950 மீட்டர் நீளத்தில் புதிய பாலம் எழுந்தது. மணிக்கு 3 லட்சம் பேர் கல்லெறிந்து கடக்கும் அளவுக்கு அது வடிவமைக்கப்பட்டது.

பரப்பளவு கூடியதால் மட்டும் இது நடக்கவில்லை. கல்லெறியும் தூண்கள் 2004லேயே நீண்ட சுவர்களாக மாற்றப்பட்டிருந்தன. தூணாக இருந்தபோது எல்லோரும் ஒரே இடத்தைச் சூழ்ந்தார்கள். சுவரானதும், எறிந்துகொண்டே முன்னோக்கி நடக்க முடிந்தது. வருபவரும் போபவரும் எதிரெதிரே மோதாதபடி வழி ஒருவழியாக்கப்பட்டது. எந்தக் குழு எந்நேரம் வரவேண்டும் என்று அட்டவணையும் போடப்பட்டது.

ஆனாலும் 2015 செப்டம்பர் 24 அன்று மினாவில் பேரவலம் நிகழ்ந்தது. சவூதி அரசின் கணக்கில் 769 பேர் மரணித்தனர். பல நாடுகள் அறிவித்த எண்ணிக்கையைக் கூட்டிய செய்தி நிறுவனங்களின் கணக்கு 2,400ஐத் தாண்டியது. இம்முறை நெரிசல் பாலத்தில் இல்லை. பாலத்துக்குச் செல்லும் வழியில், 204, 223 எண் சாலைகள் சந்திக்கும் இடத்தில் ஏற்பட்டது. ஒரு இடத்தை அகலப்படுத்தினால் நெருக்கடி அடுத்த குறுகலுக்கு நகர்கிறது. முழுப் பாதையையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

கணக்கில் வராதவர்கள்

2024இல் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் மரணித்ததாகச் சவூதி அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதியின்றி வந்தவர்கள், நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நீண்ட தூரம் நடந்தவர்கள் என்றும் கூறியது. கூடாரமும் குளிர்சாதனப் பேருந்தும் பதிவு செய்தவர்களின் எண்ணிக்கைக்கே ஏற்பாடு செய்யப்படுகின்றன. பதிவில் இல்லாதவருக்கு அங்கே நிழல் இல்லை. எனவே விதியை மீறியவர்கள் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. முறையான வழியின் செலவும் காத்திருப்பும் தாங்காமல், விசிட் விசாவில் அனுப்புகிறோம் என்ற ஏஜெண்டின் பேச்சை நம்பிப் போகும் எளியவர்களும் நம் சமுதாயத்தில் இருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஹஜ்ஜுக்கு முன்பணம் கட்டும் முன் ஹரம் ஷரீஃபிலிருந்து ஓட்டல் எவ்வளவு தூரம், சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறோம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியவை உள்ளன. இந்நிறுவனத்துக்கு இவ்வருடம் அரசு ஒதுக்கிய இடங்கள் எத்தனை? இதுவரை எத்தனை பேரிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்? மினா கூடாரத்துக்குப் பணம் செலுத்தி உறுதியாகிவிட்டதா? தரப்போவது ஹஜ் விசாதானா? பயணம் நின்றால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? பதில்களை எழுத்தில் வாங்குவோம். மழுப்புகிறவரிடம் பணம் கொடுக்காமல் இருப்போம்.

ஜமாஅத்துகள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களின் பட்டியலை வைத்து, இந்தக் கேள்விகளை ஒன்றாகக் கேட்கலாம். தனியாகக் கேட்பவருக்குக் கிடைக்காத பதில் ஜமாஅத்துக்குக் கிடைக்கும். அரசும் தன் பங்குக்கு, எந்த நிறுவனம் எத்தனை பேருக்கு மினா இடத்தை உறுதி செய்துள்ளது என்பதைக் கெடு முடியும் முன்பே பொதுவில் வெளியிட வேண்டும்.

சக்தி பெற்றவர் மீதே ஹஜ் கடமை. வாழ்நாள் சேமிப்போடு புறப்படும் நம் பெற்றோருக்கு மினாவில் ஒரு நிழல் உறுதியா என்று பார்ப்பதும் அந்தச் சக்தியில் அடங்கும்.