எந்தப் பிளாட்பாரம், மாப்ள?

"மச்சான், எந்தப் பிளாட்பாரம் நல்லது?" என்று தொண்டியிலிருந்து மைத்துனன் போன் செய்தபோது ராத்திரி பத்தரை மணி. தூக்கக் கலக்கத்தில், "உங்க ஊருக்கு ரயிலே கிடையாதே மாப்ள" என்றேன்.

அவன் கேட்டது ஈ-மெயில் பிளாட்பாரம். ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான பேருக்குப் பெயர் போட்டு அனுப்பித் தருகிற கம்பெனிகள்.

மைத்துனனுக்குக் கருவாட்டு வியாபாரம். கொச்சியில் புறப்படும் 85-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, மூணாறு, மதுரை என்று ஓடி வந்து, தொண்டிக் கடலைப் பார்த்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கடை. கூரியரில் சென்னை, கோவை, பெங்களூர் என்று 412 வாடிக்கையாளர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பச்சை மீன் விலை ஏற ஏற, கருவாட்டுக்கு மவுசு. அவனுடைய வருஷ வருமானத்தில் பாதி அந்த இரண்டு மாசம்தான். அதற்குள் 412 பேருக்கும் 'சரக்கு ரெடி' என்று சொல்லியாக வேண்டும்.

"வாட்ஸ்ஆப்ல போடேன்."

"நம்ம நம்பரை அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் பிராட்காஸ்ட் போகும் மச்சான். கருவாட்டுக்காரன் நம்பரை எவன் சேவ் பண்றான்?"

நியாயம். மறுநாளே ஆராய்ச்சியில் இறங்கினேன். (ஆபீஸ் நேரத்தில்தான். என் மேனேஜர் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடவும்.)

கடைகள் நிறைய. அமெரிக்காவில் 2001-ல் பிறந்த மெயில்சிம்ப், 2021-ல் சுமார் 1,200 கோடி டாலருக்கு இன்ட்யூட் கம்பெனியிடம் விலை போயிற்று. பிரான்சின் பிரேவோ, 2023 வரை சென்டின்புளூ என்ற பெயரில் இருந்தது. நம்ம ஊர் ஜோஹோவும் 'கேம்பெய்ன்ஸ்' என்று ஒன்று வைத்திருக்கிறது. விளம்பரத்தில் எல்லோரும் உத்தமர்கள்தான். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று.

ஒன்று, ஆளுக்குக் காசா, கடுதாசிக்குக் காசா? மாசம் இரண்டு கடிதம் என்றால் மைத்துனனுக்கு 824 கடிதம். எப்போதாவது எழுதுகிறவனுக்குக் கடுதாசிக் கணக்குதான் லாபம். ஆள் கணக்கென்றால், விலகிப் போனவர்களையும் தலை எண்ணுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

இரண்டு, சொந்த டொமைனில் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் மூன்றையும் போட்டுத் தருவார்களா? பயப்பட வேண்டாம். முதலாவது, நம் பெயரில் யார் யார் கடிதம் போடலாம் என்கிற ஜாபிதா. இரண்டாவது, அரக்கு முத்திரை. மூன்றாவது, இவை ஒத்துப்போகாத கடிதத்தை என்ன செய்வது என்று வாட்ச்மேனுக்கு நாம் எழுதி வைக்கிற சீட்டு. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து மூன்றும் கட்டாயம். ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் கட்டாயம். ஆயிரத்துக்கு மூன்று பேர் 'ஸ்பாம்' என்று அழுத்தினாலே ஆபத்து.

மூன்று, விட்டுப் போகும்போது நம் பட்டியலை முழுசாக இறக்கிக்கொண்டு போக முடியுமா? வாடகை வீட்டுக்குப் போகிறவன் வாசலை மட்டுமல்ல, பின்கதவையும் பார்க்க வேண்டும்.

நான் இதையெல்லாம் அழகாக டைப் அடித்து அனுப்பினால், பதில் இல்லை. மூன்றாம் நாள் போன். குரல் கம்மியிருந்தது.

"மச்சான், கணக்கை மூடிட்டாங்க."

விஷயம் இதுதான். என் ரிப்போர்ட் வருவதற்குள் கண்ணில் பட்ட ஒரு கம்பெனியில் பணம் கட்டிச் சேர்ந்திருக்கிறான். யாரோ ஒரு புண்ணியவான் 3,000 ரூபாய்க்கு 20,000 ஈ-மெயில் முகவரி விற்றிருக்கிறான். 412-ஐயும் அதோடு கலந்து, 'தொண்டி நெத்திலி, தொட்டால் விடமாட்டீர்கள்' என்று ஒரே அமுக்கு. பாதி முகவரிகள் செத்துப்போனவை. மீதிப் பேரில் எத்தனை பேர் சுத்த சைவமோ! இரண்டு மணி நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. உள்ளே 412-ம் மாட்டிக்கொண்டது. வேறு பிரதி எடுக்கவில்லை.

"1978-லயே இந்தத் தப்பை ஒருத்தர் பண்ணிட்டார் மாப்ள. கேரி தூர்க்னு அமெரிக்காக்காரர். கம்ப்யூட்டர் விக்க, கேக்காத சுமார் நானூறு பேருக்கு ஒரே நாள்ல அனுப்பி வாங்கிக் கட்டிக்கிட்டார். உலகத்தோட முதல் ஸ்பாம்."

"வியாபாரம் ஆச்சா?"

"ஆச்சுன்னுதான் சொல்றார்."

"அப்ப நான் பண்ணது என்ன தப்பு?"

போனை வைத்துவிட்டேன். தடைக்காலத்துக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. அவன் பெண்ணுக்கு ஸ்கூல் பீஸ் ஜூன் மாசம் கட்டவேண்டும். எனக்கே தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தொண்டிக்கு பஸ் ஏறினேன். அத்தை, அதாவது என் மாமியார், காபி கொடுத்துவிட்டு உள்ளே போய் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய லாங் சைஸ் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். கூரியர் அட்டை எழுதுவதற்காக ஆறு வருஷமாக அவர் எழுதி வந்தது. பெயர், விலாசம், போன் நம்பர், ஈ-மெயில் எல்லாம் இருந்தது. பக்கத்திலேயே குறிப்பும்: 'உப்பு கம்மி', 'பாட்டிக்குப் பல் இல்ல, நெத்திலி மட்டும்', 'புரட்டாசியில கூப்பிடக் கூடாது'.

"ஈ-மெயில் எதுக்கு அத்தை எழுதினீங்க?"

"'சரக்கு வந்தா சொல்லட்டா'ன்னு கேப்பேன். 'மெயில் போடுங்கம்மா'ம்பாங்க. எழுதிக்குவேன். வேணாம்னவங்களுக்குக் கோடு போட்டிருக்கேன் பாருங்க."

ஒரு டஜன் நாட்டுச் சட்டங்கள் பக்கம் பக்கமாகக் கேட்கிற சம்மதம், அந்த 'சொல்லட்டா'வில் அடங்கிவிட்டது.

கோடு போட்டவர்களைக் கழித்தால் 371. அன்று ராத்திரி முழுக்க நானும் அவனும் உட்கார்ந்து டைப் அடித்தோம். கடுதாசிக் கணக்கில் காசு வாங்குகிற இன்னொரு கம்பெனி, சொந்த டொமைன், மூன்று முத்திரை. புரட்டாசிக்காரர்களுக்குத் தனிப் பட்டியல். பிரதி ஒன்று பென் டிரைவில்.

தடைக்காலம் தொடங்குவதற்குள் 94 ஆர்டர் வந்தது. போன வருஷத்தைவிடக் குறைவுதான். ஆனாலும் ஸ்கூல் பீஸ் தேறிவிடும்.

நேற்று மறுபடி போன். "மச்சான், ஒரு ஆளு 50,000 முகவரி தர்றேங்கிறான், ரேட்டு கம்மி..."

"போனை அத்தைகிட்ட குடு மாப்ள" என்றேன்.