பல் பிடுங்கப்பட்ட பூதம்

குழந்தைகளுக்கென்று வந்துவிட்டால் எந்தப் பூதத்தையும் பல்லைப் பிடுங்கித்தான் காட்டவேண்டும் என்னும் பொதுப்புத்தியை நாம் ஏற்பதற்கில்லை. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின்மீது படிந்தது. அந்த அதிர்ச்சியின் பிள்ளையாக, அவ்வாண்டு நவம்பரிலேயே இஷிரோ ஹோண்டாவின் ‘காட்ஜில்லா’ திரைக்கு வந்தது. அந்தப் பூதத்தை எழுப்பியவன் மனிதன். 1978இல் ஹன்னா-பார்பரா தயாரித்த கார்ட்டூன் தொடரிலோ அதே காட்ஜில்லா, கப்பல் தலைவர் பொத்தானை அழுத்தியதும் கடலிலிருந்து எழுந்துவந்து காப்பாற்றும் ஏவலாள். சிரிப்பு மூட்டக் காட்ஸூக்கி என்றொரு குட்டியும் உண்டு. குண்டு மட்டும் காணாமற்போயிற்று.

உண்மையைச் சொன்னால் குழந்தை பயந்துவிடும் என்பார்கள். அடையாற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூரின் குழந்தைகள் 2015 டிசம்பரில் வீடு புகுந்த வெள்ளத்தையே கண்டார்கள். மழையோடு, செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த நீரும் நீர்வழியை அடைத்த கட்டடங்களும் சேர்ந்தே அந்த ஆற்றைப் பூதமாக்கின. எந்தப் பொத்தானுக்கும் அன்று எவரும் எழுந்துவரவில்லை. காரணத்தை மறைக்கும் பூதக்கதை காப்பாளனுக்காகக் காத்திருக்கவே பழக்கும். ‘இதை எழுப்பியது யார்?’ என்று குழந்தையைக் கேட்கவைக்கும் கதைகளையே நாம் கோருகிறோம்.