பெட்ரோலில் பாதி தண்ணீரா? வைரல் வீடியோவும் எத்தனாலும்!

ஒரு குடுவையில் 100 மி.லி பெட்ரோல், அதில் 20 மி.லி தண்ணீர். மூடிக் குலுக்கி வைத்தால் அடியில் சுமார் 40 மி.லி தங்கி நிற்கிறது. 'பாருங்க மக்களே, பங்க்ல தண்ணி கலந்து விக்கிறாங்க!' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்கள் பலவும் இந்த ரகம்தான். உண்மையில், கூடுதலாக வந்தது தண்ணீர் இல்லை... எத்தனால். தண்ணீரைக் கண்டதும் அது பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். (வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும்!)

சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைக்கும்போது கிடைக்கும் ஆல்கஹால்தான் எத்தனால். கரும்புச் சாறு, மொலாசஸ், மக்காச்சோளம், அரிசி எனப் பலவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். மதுவில் இருப்பதும், பல சானிடைசர்களில் கிருமியைக் கொல்வதும் இதுவே. கள்ளச்சாராயத்தில் கண்ணையும் உயிரையும் பறிக்கும் மெத்தனால் வேறு.

2014-ல் இந்திய பெட்ரோலில் எத்தனால் சுமார் 1.5 சதவிகிதம். 2030-க்குள் எட்ட நினைத்த 20 சதவிகிதம், 2025-லேயே வந்துவிட்டது. அதுதான் இ20. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைப்பது இதன் முக்கிய நோக்கம்.

மைலேஜ் குறைகிறது என்ற புலம்பல் பொய்யில்லை. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ10-க்கு ஏற்ப அமைந்த பழைய டூவீலர்களில் 3-4 சதவிகிதம், கார்களில் 6-7 சதவிகிதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. லிட்டருக்கு 50 கி.மீ ஓடிய பைக் 48 கி.மீ ஓடும். 'அப்போ விலையையும் குறைக்கணும்ல?' என்று வண்டி ஓட்டுபவர்கள் கேட்பது நியாயம்தான். பழைய வண்டிகளில் ரப்பர் டியூப், கேஸ்கெட் சீக்கிரம் கெடலாம். சர்வீஸின்போது பார்க்கச் சொல்வது நல்லது.

மழைக்காலத்தில் கூடுதல் கவனம் தேவை. டேங்க்குக்குள் துளித் தண்ணீர் போனால் எத்தனால் அதைக் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு எரிபொருள் போவதும் அடியிலிருந்துதான் என்பதால், வண்டி திக்கித் திணறி நின்றுபோகும். அப்போது திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல், மெக்கானிக்கிடம் கொடுத்து டேங்க்கைக் காலிசெய்வதே சரி. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடலாம்.