தொட்டிலுக்கு யார் பணம் தருவது?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கங்களில் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் குழந்தைகளைப் பகற்பொழுதில் யார் பார்த்துக்கொள்வது என்பது மேலுக்குச் சில்லறை விஷயமாகத் தோன்றும். அது சர்க்கார் பொக்கிஷத்தின் நிர்வாகத்தைப் பற்றிய பெரிய விஷயமென்பதே நமது அபிப்பிராயம்.

1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி இந்திய சர்க்கார் அங்கன்வாடித் திட்டத்தை ஆரம்பித்தபோது, உணவுச் செலவு நீங்கலாக மற்றவற்றைத் தாமே ஏற்றனர். பின்னர் பங்கு மாறிற்று. 2015-16 முதல் உணவில் பாதியும், மற்றச் செலவில் நூற்றுக்கு 40-ம் நமது ராஜ்யத்தின் தலையில் விழுந்தன. 2017-ல் ஒரு குழந்தையின் ஒருநாள் போஷாக்குக்கு டில்லி வகுத்த தொகை ரூ. 8! அம்பத்தூர் ரயிலடியில் அந்தக் காசுக்கு ஒரு டம்ளர் காப்பி கிடைக்குமா? ராஜ்ய சர்க்கார் மனம்வைத்தால் என்ன நடக்குமென்பதற்கு அத்தாட்சி நம்மிடமே இருக்கிறது. 1982-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய காலத்தில், டில்லி பணம் தரட்டுமென்று கைகட்டிக்கொண்டு நிற்கவில்லை.

ஆனால் சோறு போடுவது வேறு, குழந்தையைக் காப்பது வேறு. அங்கன்வாடியின் வேலை பிற்பகலோடு முடிந்துவிடும். தாயின் வேலை முடிவதில்லை. நானூறு முதல் எண்ணூறு ஜனங்களுக்கு ஓர் அங்கன்வாடி என்பது விதி. 2021-ல் எடுத்திருக்க வேண்டிய ஜனக்கணக்கோ தள்ளிப்போயிற்று. பிழைப்புத் தேடி இப்பேட்டைகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் 2011-ம் வருஷத்துக் கணக்கில் எங்ஙனம் இருக்கும்?

சட்டம் என்ன சொல்லுகிறது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் உழைக்குமிடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்றது. 1976-ல் அவ்வெண்ணை 30 ஆக்கினார்கள். 2017-ல் செய்த பிரசவகால உதவிச் சட்டத்திருத்தம், ஆண் பெண் இருபாலாருமாக 50 பேர் உள்ள ஸ்தாபனத்துக்கு அக்கடமையை விதித்தது. அம்பத்தூரின் சிறு பட்டறைகளில் எத்தனையோ இவ்வெண்களுக்குள் அகப்படுவதில்லை. பத்துப்பத்துப் பேராகச் சிதறியிருக்கும் தாய்மாருக்குச் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆயினும் வழி அடைபடவில்லை. முதலாளிகள் ஒன்றுகூடிப் பொதுக் காப்பகம் நடத்தலாமென்று 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இடந்தருகிறது. 'பால்னா' என்ற காப்பகத் திட்டத்தில் 60 பங்கு இந்திய சர்க்காரும் 40 பங்கு ராஜ்யமும் போடவேண்டும். ராஜ்யம் தன் பங்கை வைத்துக் கணக்கை ஒப்புவித்தாலன்றி டில்லியின் அடுத்த தவணை வராது. ஆகவே தொழிற்பேட்டைக்குள்ளேயே சிட்கோ மனை ஒதுக்கட்டும். பெரிய முதலாளிகள் பட்டறைகளையும் சேர்த்துக்கொண்டு பங்கு போடட்டும். சர்க்கார் தங்கள் 40 பங்கை வருஷத் தொடக்கத்திலேயே கட்டட்டும். மாலை வேலை முடியும் வரை காப்பகக் கதவு திறந்திருக்கவேண்டுமென்பதை முதல் நிபந்தனையாக்கட்டும்.

சோஷலிஸ மாதிரிச் சமுதாயமே நமது லட்சியமென்று 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை தீர்மானித்த ஊர் இதே ஆவடிதான். அவ்வூர்த் தாய்மார் கேட்பது பகல் முழுதும் திறந்திருக்கும் ஓர் அறையும், ஓர் ஆயாவும், அவளுக்கு மாதாமாதம் தவறாமல் சம்பளமும். வரும் பட்ஜெட்டில் இதற்கென்று தனித் தலைப்பு ஏற்படுத்துவார்களா என்பதை நிதி மந்திரி சட்டசபையில் சொல்லட்டும்.