வயலின்மேல் விரியும் சித்திரம்

கைபேசியின் கண்ணாடி வழியாக ஒரு தோட்டத்தை நோக்கினால், உள்ளபடி இருக்கும் மரம், வரப்பு, கிணறு ஆகியவற்றின்மேல் இல்லாத கோடுகளும் எழுத்துக்களும் படிந்து தோன்றும்படி செய்யும் வித்தை இப்போது பரவிவருகின்றது. ஆங்கிலத்தில் இதற்கு ஆக்மெண்டெட் ரியாலிட்டி என்று பெயர். தமிழில் மிகைமெய்க் காட்சி என்று வழங்குகின்றனர். 1990-ஆம் ஆண்டு வாக்கில், போயிங் விமானக் கம்பெனியில் மின்கம்பிகளைப் பிணைக்கும் தொழிலாளருக்கு வழிகாட்டும் முறையொன்றை ஆராய்ந்த டாம் காடல் என்பவர் இப்பெயரை இட்டார். 2016-ல் போகிமான் கோ என்னும் விளையாட்டு வந்தபோது, உலகமெங்கும் சிறுவரும் பெரியவரும் தெருவில் இல்லாத பிராணிகளைத் துரத்தினர். இன்று வியாபாரிகள் மூக்குக்கண்ணாடியையும் நகையையும் வாங்குவோர் முகத்தின்மேலேயே பொருத்திக் காட்டுகின்றனர். அடுத்து இது குடியானவரின் பூமிக்கு வரும் என்பதில் ஐயமில்லை.

கோயம்புத்தூர்ப் பம்புசெட்டுத் தொழிலுக்கு இது பெரிதும் பயன்படக்கூடியதே. மோட்டாரைப் பிரிக்கும் மெக்கானிக்கின் கண்முன், எந்த நட்டை முதலில் கழற்றுவது, எந்த பேரிங்கை மாற்றுவது என்று சித்திரம் காட்டினால், பழுதுபார்க்க டவுனுக்குச் சுமந்து செல்லும் கூலி மிச்சம். பிழை நேர்ந்தாலும் கெடுவது ஒரு வாஷரும் ஒரு நாள் பாசனமும்தான்.

பயிரின் காரியம் அத்தகையதன்று. சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாக 2016-ல் காணப்பட்டது பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னையிலேதான். ஓலையின் அடியில் வெண்ணிறச் சுருள்களும், கீழ் ஓலைகளின்மேல் கரிபூசினாற்போன்ற கரும்பூசணமும் கண்டு குடியானவர் பதறினர். ஆயினும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார், பூச்சிமருந்தைத் தெளிக்கவேண்டாம் என்றே சொல்லிவந்தனர். காரணம், என்கார்சியா என்னும் மிகச் சிறிய குளவி அந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கின்றது. மருந்து தெளித்தால் முதலில் மடிவது அந்தக் குளவியே. குளவி தாக்கிய குஞ்சு கறுத்துவிடும். ஓலையை வெட்டிக் கைலென்சு வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது விளங்கும். மரத்தடியில் நின்று உயரே காட்டப்படும் கைபேசிக்கு வெண்சுருள் தெரியும், கரி தெரியும், குளவி தெரியாது. அந்நிலையில் ஓலையின்மேல் 'நோய்' என்று சிவப்பெழுத்தும், பக்கத்திலேயே ஒரு மருந்தின் பெயரும் தோன்றுமானால், அந்தச் சித்திரத்தை எழுதியவர் யார் என்று கேட்காமல் தெளிப்பானை எடுக்கலாகாது. மருந்து விற்பவரே சித்திரமும் எழுதுவாராயின், எல்லா ஓலையிலும் நோய் தென்படுவதில் வியப்பென்ன? தமிழக அரசினர் 2018-ல் உழவன் செயலியை வெளியிட்டுள்ளனர். இவ்வகைச் சித்திரமும் அரசினர் வழியாக, ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றின் அறிவைக்கொண்டு, தமிழிலேயே வருவதுதான் முறை.

இவற்றினும் பெரிய ஆபத்து எல்லைக் காரியத்தில் இருக்கின்றது. கொங்கு நாட்டில் பொழித் தகராறு இல்லாத கிராமம் அரிது. அண்ணன் தம்பி பாகம் பிரிந்தாலும், இட்டேரியை ஒருவர் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டாலும், முடிவில் வழக்கு முன்சீப் கோர்ட்டில் போய் நிற்கின்றது. இப்போது புலப்படத்தை அரசின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அதைக் கைபேசியில் ஏற்றி வயலின்மேல் விரித்து, "இதோ என் எல்லை, உன் வரப்பு உள்ளே வந்திருக்கின்றது" என்று காட்டுவோர் தோன்றக்கூடும். பளிச்சென்று ஒரு நீலக்கோடு பக்கத்துப் பூமிக்காரரின் மஞ்சள் பாத்திக்குள் ஓடுவதைக் கண்டபின் எவருக்கும் கை சும்மா இராது.

கணக்குப் பார்க்கட்டும். திறந்த வானத்தின்கீழ்கூட, சாதாரணக் கைபேசி இடத்தைக் குறிப்பதில் ஏறக்குறைய 5 மீட்டர் தவறலாம். தென்னந்தோப்பின் நிழலில் இன்னும் அதிகம். 100 மீட்டர் நீளமுள்ள பொழியில் 5 மீட்டர் விலகினால் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்டுக்கு மேல். கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் 12 சென்டு அற்பமன்று. மேலும் பழைய புலப்படங்கள் சங்கிலி பிடித்து, கல்லுக்குக் கல் அளந்து வரையப்பட்டவை. அவற்றுக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியா. கல்லை நம்பி வரைந்த படத்தை, துணைக்கோளை நம்பும் கருவியின்மேல் ஏற்றும்போது இடையில் நேரும் பிசகு கண்ணாடியில் தெரிவதில்லை.

இதனால் வித்தையே கூடாதென்பதன்று. இந்திய நில அளவைத் துறை நிறுவியுள்ள நிலையான குறிநிலையங்களின் துணைகொண்டு தகுந்த கருவியால் அளந்தால், பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்குகின்றது. அவ்வாறு அளந்த எல்லையை வயலின்மேல் சித்திரமாகக் காட்டினால், படம் வாசிக்கத் தெரியாத மூதாட்டியும் தன் பூமி இன்னதென்று அறிவார். மணியமும் கர்ணமும் 1980-ல் நீங்கியபோது, எந்தக் கல் எந்த வேலிக்குள் புதைந்தது என்ற நினைவும் பல ஊர்களில் அவர்களோடு போயிற்று. கிராம நிர்வாக அலுவலருக்கு அந்த நினைவைத் திரும்பத் தருவதற்கு இதனினும் நல்ல சாதனம் கிடைப்பது கடினம்.

ஆனால் ஒரு நிபந்தனை வேண்டும். எல்லையைக் காட்டும் எந்தச் செயலியும் தன் பிழையின் அளவையும் சேர்த்தே காட்டும்படி அரசினர் விதிக்கவேண்டும். இருபுறமும் 5 மீட்டர் தவறக்கூடிய கருவி, மெல்லிய கோடாகக் காட்டாமல் 10 மீட்டர் அகலமுள்ள பட்டையாகக் காட்டட்டும். அவ்வளவு அகலப் பட்டையைக் கண்டவர், அதன் எந்த ஓரத்தில் மண்வெட்டி போடுவதென்று தயங்குவார்.

அந்த விதி வரும்வரை, கைபேசிப் படத்தைக் காட்டி எல்லை கேட்போரைக் கிராம நிர்வாக அலுவலர்கள் தாலுகா அலுவலகத்து நில அளவையரிடம் அனுப்புவதே தகும். 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி எல்லையை அளந்து முடிவுசெய்வது அளவை அலுவலரின் வேலை. கல் புதைந்தோ பெயர்ந்தோ போன பூமிக்காரர்கள், பயிர் இல்லாத கோடையிலேயே மனுச் செய்து அளந்துகொள்வார்களாக. அளக்கும் நாளில் பக்கத்துப் பூமிக்காரரையும் உடன் நிறுத்திக்கொள்ளவேண்டும்.